என்னுடையது சைக்கிள்தான், சார்

என் எலெக்ட்ரிக் சைக்கிளை ஆபீஸ் பார்க்கிங்கில் விட மாட்டோம் என்று திருப்பி அனுப்பியதை முந்தாநாள் எழுதியதிலிருந்து ஆளாளுக்கு அறிவுரை. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது சைக்கிள். பேட்டரி இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, ஆனாலும் சைக்கிள்தான். நானாகச் சொல்லவில்லை. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் என்றால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே இல்லை. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். அப்படியிருக்க, 'ஆர்.சி. இல்லாத எலெக்ட்ரிக் வண்டிக்கு அனுமதி இல்லை' என்றால் இல்லாத ஆர்.சி. புக்கை எங்கே போய் வாங்கிவருவது? சரி, சைக்கிள் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சைக்கிளுக்கு இந்தக் கட்டடத்தில் இடமே ஒதுக்கவில்லையாம். செக்யூரிட்டி அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. "மேல இருந்து சொல்லிட்டாங்க மேடம், நான் என்ன பண்றது?" என்றார். அவர் என்ன செய்வார், பாவம்.

"பேட்டரி தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டிருந்தார் ஒருவர். நியாயமான பயம்தான். 2022-இல் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து அப்பாவும் மகளும் இறந்ததை நானும் மறக்கவில்லை. அதனால்தான் ஆபீசில் சார்ஜ் போட இடம் கேட்கவே இல்லை, வீட்டிலேயே, கண்ணெதிரில், பகலில்தான் போடுகிறேன். ஆனால் இதைவிடப் பத்து மடங்கு பெரிய பேட்டரி உள்ள ஸ்கூட்டர்கள் அதே பேஸ்மென்ட்டில் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டு நிற்கின்றன. அங்கே வராத பயம் என் சைக்கிளைப் பார்த்ததும் எங்கிருந்து வருகிறது?

"மோட்டார் வைத்து ஓட்டுவதெல்லாம் சைக்கிளிங்கா?" என்பவர்கள் ஒருநாள் மதிய ஷிப்ட்டுக்கு என்னோடு வாருங்கள். மடிப்பாக்கத்திலிருந்து துரைப்பாக்கம். ரேடியல் ரோட்டில் சதுப்பு நிலத்தைத் தாண்டும்போது கடற்காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். பக்கத்தில் தண்ணி லாரி உரசிக்கொண்டு போகும். மோட்டார் தரும் உதவியின் அளவை, அதாவது அசிஸ்ட்டை, மூன்றில் வைத்தாலும் மிதிக்கத்தான் வேண்டும். முட்டி வலிக்காரி நான். அந்த மோட்டார் இல்லையென்றால் இந்த வயதில் சைக்கிள் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

அப்புறம் அந்த இன்னொரு கேள்வி. "இவ்வளவு சம்பளம் வாங்குறீங்க, ஒரு ஸ்கூட்டி வாங்கக் கூடாதா?" இதைக் கேட்டது வெளியாள் இல்லை, கூட வேலை பார்ப்பவர். பெட்ரோல் நூறைத் தாண்டியதையும், என் பேட்டரி நிறைய அரை யூனிட் கரண்ட்கூட ஆகாது என்பதையும் அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கேட்டது காசுக் கணக்கு இல்லையே.

எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். ஹேண்டில்பாரில் டிபன் கேரியர், சங்கிலியில் படாமல் இருக்க வலது கால் பேன்ட்டில் ஒரு கிளிப். அவர் கம்பெனியில் கேட்டுக்குள் நுழைந்ததும் முதலில் இருந்தது சைக்கிள் ஸ்டாண்ட்தான், தகரக் கூரை போட்டு. நம்பர் அடித்த பித்தளை டோக்கன் கொடுப்பார்கள். சாயங்காலம் அப்பா சட்டைப் பையிலிருந்து அதை எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். லேத் பட்டறைக்காரர்களுக்குத் தோன்றியது, இத்தனை மாடிக் கண்ணாடிக் கட்டடம் கட்டியவர்களுக்கு ஏன் தோன்றவில்லை? சைக்கிளில் வருகிறவர்களை மனுஷக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, அதனால்தான். ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் இத்தனை நாளாகத் தங்கள் சைக்கிளை டீக்கடை ஓரத்தில் பூட்டிவிட்டு வருகிறார்கள். ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு நடந்ததும்தான் பேச்சே வருகிறது, அதுவும் வலிக்கிறது.

நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. ரோட்டில் அதைத் தேடிப் பார்த்து அலுத்துவிட்டது. ஒரு கேட்டுக்குள்ளாவது இருக்கக் கூடாதா?

திங்கட்கிழமை அட்மினுக்கு மெயில் போடுகிறேன், விதியின் நகலோடு. ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். அந்த ஒரு கார் இடத்தைத்தான் கேட்கப்போகிறேன், அந்த அக்காக்களுக்கும் சேர்த்து. உங்கள் ஆபீசில் இப்படிக் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருந்தால், என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். அறிவுரை மட்டும் வேண்டாம்.