"விழிப்புணர்வுக் கூட்டம்" அல்ல அது

"ஆய்வில் ஊர்மக்களைச் சேர்ப்பதெல்லாம் வெறும் விழிப்புணர்வுக் கூட்டம், அதனால் ஒரு உயிர் பிழைத்ததாக ஆதாரம் இல்லை" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் நண்பரே. இது தவறு.

ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடி ஊர்களில் 'ஏக்ஜுட்' அமைப்பு 2005 முதல் 2008 வரை நடத்திய ஆய்வைப் பாருங்கள். 36 பகுதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 18-இல் மட்டும் பெண்கள் குழுக்களைக் கூட்டினார்கள். உள்ளூர்ப் பெண் ஒருவர் பட அட்டைகளைக் காட்டுவார், கதை சொல்வார். பிரசவத்தில் என்ன சிக்கல், எதை முதலில் சரிசெய்வது என்று கூடியிருந்த பெண்களே முடிவெடுத்தார்கள். யாரும் மைக் பிடித்து அறிவுரை சொல்லவில்லை. 3 ஆண்டுகளில் பச்சிளம் குழந்தை இறப்பு, குழுக்கள் இல்லாத பகுதிகளைவிட ஏறத்தாழ 32% குறைந்தது. இந்த ஆய்வு 2010-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது.

ஒன்றை மறைக்கக் கூடாது. வங்கதேசத்தில் இதே முறை முதலில் பலன் தரவில்லை. அங்கே மக்கள்தொகைக்குக் குழுக்கள் மிகக் குறைவு. குழுக்களைப் பெருக்கிய பிறகு அங்கும் இறப்பு குறைந்தது. 2014-இல் உலக சுகாதார நிறுவனமே, குறிப்பாக மருத்துவ வசதி குறைந்த கிராமப்புறங்களுக்கு, இம்முறையைப் பரிந்துரைத்தது. தயவுசெய்து உங்கள் பதிவைத் திருத்துங்கள்.