மனோரஞ்சிதம் வைத்தால் பாம்பு வருமா?

"மனோரஞ்சிதம், இரவு ராணி எல்லாம் வீட்டில் வைக்காதீர்கள், வாசனைக்குப் பாம்பு வரும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. தவறு. பூ மணத்துக்கு மயங்கிப் பாம்பு வருவதில்லை.

பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது, மணத்துகள்களை மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பில் சேர்க்கத்தான். அதை வைத்து அது தேடுவது இரையையும் இணையையும். எலி, தவளை, ஓணான்தான் அதற்குச் சாப்பாடு. தேன் குடிக்கும் பாம்பு கிடையாது.

அப்புறம் ஏன் இந்தப் பேச்சு? தாழம்பூவைப் பற்றியும் இதையேதான் சொல்வார்கள். தாழம்புதரைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்: நீர்க்கரை, முள் ஓலை, அடியில் இருட்டு. எலியும் தவளையும் ஒதுங்க வேறென்ன வேண்டும்? மனோரஞ்சிதமும் கொக்கி போட்டு ஏறி அடர்ந்துவிடும். பழி மட்டும் பூவுக்கு.

சரி, வைக்கலாமா? தாராளமாக. தரையை ஒட்டிய கிளைகளைக் கழித்துவிடுங்கள். சருகையும் செங்கல் குவியலையும் அகற்றுங்கள். இரவு ராணி மட்டும் படுக்கையறை ஜன்னலடியில் வேண்டாம். பாம்புக்காக அல்ல, அந்த நெடி சிலருக்குத் தலைவலி. மனோரஞ்சிதப் பூ பச்சையாக இருக்கும்போது அவ்வளவாக மணக்காது. மஞ்சளானதும் பாருங்கள், பழக்கூடையைத் திறந்த மாதிரி இருக்கும்.