வரலாற்றுக்கு அஞ்சாத விசுவாசம்

பணி ஓய்வுக்குப் பின் எனக்குக் கிடைத்த பெரிய வரம், ஞாயிறு மறையுரைக்கு உதவுமா என்று பார்க்காமல் நூல்களைப் படிக்க முடிவதுதான். அண்மைக் காலமாகத் திருச்சபை வரலாற்றையே தொடர்ந்து படித்து வருகிறேன். "இதையெல்லாம் படித்தால் விசுவாசம் ஆட்டம் காணாதா, ஃபாதர்?" என்று அன்போடு கவலைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வரலாற்றைக் கண்டு அஞ்சும் உரிமை கிறிஸ்தவர்களுக்கு இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். நாம் அறிக்கையிடும் கடவுள் காலத்துக்குள் வந்தவர். 325-இல் நீசேயாவில் ஆயர்கள் ஏற்ற விசுவாச அறிக்கையில் ஆண்டவர் பாடுபட்டார் என்று மட்டுமே இருக்கிறது. 381-ஆம் ஆண்டின் கான்ஸ்டான்டிநோபிள் பொதுச்சங்கத்துக்கு உரியதாகச் சொல்லப்படும் அறிக்கையிலோ பொந்தியு பிலாத்து என்ற உரோமை ஆளுநரின் பெயரும் சேர்ந்துவிட்டது. அவர் பெயர் பொறித்த கல் ஒன்று 1961-இல் செசரியாவில் அகழாய்வில் கிடைத்தது. அந்தக் கல் உயிர்ப்பை மெய்ப்பிக்கவில்லை. எந்தக் கல்லாலும் அது முடியாது. ஆனால் வரலாற்றாசிரியர் எவரும் ஆராயக்கூடிய ஒரு பெயரைத் திருப்பலியில் உரக்கச் சொல்லிவிட்டு, ஆராய்ச்சியே வேண்டாம் என்று நாம் எப்படிச் சொல்வது?

இந்த வாசிப்பில் என்னை அதிகம் அலைக்கழித்தவர் 1447 முதல் 1455 வரை திருத்தந்தையாக இருந்த ஐந்தாம் நிக்கோலாஸ். பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு நாடுகளின் ஆட்சியைத் திருத்தந்தைக்கு அளித்ததாகக் கூறும் ஆவணம் போலியானது என்று 1440-இல் லொரென்சோ வல்லா என்ற அறிஞர் எழுதினார். அவரைத்தான் நிக்கோலாஸ் தம் அலுவலகத்தில் பணியில் அமர்த்தினார். கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸின் நூலை இலத்தீனில் மொழிபெயர்க்கும் பொறுப்பையும் கொடுத்தார். வத்திக்கான் நூலகத்துக்கு அடித்தளம் இட்டவரும் இவரே. இவ்வளவு படித்த, பரந்த உள்ளம் கொண்ட அதே மனிதர்தான், 1452-இல் போர்த்துகல் மன்னருக்கு எழுதிய மடலில், சாரசேனியரையும் (அன்று முஸ்லிம்களுக்கு வழங்கிய பெயர்) பிற சமயத்தாரையும் வென்று நிரந்தர அடிமைகளாக்க அனுமதி அளித்தார். அறிவும் பக்தியும் இருந்தும் ஒருவரால் இதை எழுத முடிந்தது என்பதுதான் என்னை உறங்கவிடவில்லை.

அந்தக் காலத்து மனநிலை அப்படி என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. அவருக்கு முன்னிருந்த திருத்தந்தை நான்காம் யூஜின், கேனரித் தீவுகளில் திருமுழுக்குப் பெற்ற, பெறவிருந்த மக்களைப் பிடித்து அடிமையாக்கியவர்கள் 15 நாள்களுக்குள் அவர்களை விடுவிக்க வேண்டும், தவறினால் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார்கள் என்று 1435-இலேயே ஆணையிட்டார். அந்த ஆணையின் கருணை கிறிஸ்தவர்களின் எல்லையைத் தாண்டவில்லை என்பது உண்மைதான். ஆயினும் அடிமைத்தனம் பாவம் என்ற உணர்வு அன்று எவருக்குமே எட்டவில்லை என்று சொல்ல இடமில்லை. நிக்கோலாஸின் மடல் போன்றவை பழங்குடி மக்களின் சம மாண்பைப் போதிய அளவு வெளிப்படுத்தவில்லை என்று 2023 மார்ச் 30 அன்றுதான் வத்திக்கான் அறிவித்தது. அந்த அறிக்கையை நான் நன்றியோடு படித்தேன். இவ்வளவு காலம் ஆனதே என்ற வேதனையும் எனக்கு உண்டு.

1881-இல் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்ட திருத்தந்தை 13-ஆம் லியோ, வரலாறு எழுதுவோர் பொய் சொல்லத் துணியக்கூடாது, உண்மையைச் சொல்லத் தயங்கவும் கூடாது என்ற பழைய நெறியை 1883-இல் நினைவூட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது திருத்தந்தையாக இருந்த 12-ஆம் பயஸ் காலத்து ஆவணங்கள் 2020 மார்ச்சில் திறக்கப்பட்டன. யூத மக்கள் கொல்லப்பட்டபோது அவர் என்ன செய்தார், எதைப் பேசாமல் விட்டார் என்பதை ஆய்வாளர்கள் இப்போது தாள் தாளாகப் பார்த்து வருகிறார்கள். விடை நமக்கு ஆறுதல் தந்தாலும் வலித்தாலும், அதை முதலில் படிக்கிறவர்கள் நாமாக இருக்க வேண்டும்.

மத்தேயு தம் நற்செய்தியின் தொடக்கத்திலேயே, இயேசுவின் மூதாதையர் வரிசையில், பழிச்சொல்லுக்கு ஆளான தாமாரையும் இராகாபையும் எழுதுகிறார். உரியாவைக் கொல்லச் செய்து அவர் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதின் பாவம் மறைந்துவிடாதபடி 'உரியாவின் மனைவி' என்றே குறிப்பிடுகிறார். ஆண்டவருடைய மூதாதையர் பட்டியலே இப்படி இருக்கும்போது, நம் மறைக்கல்வி வகுப்புகளில் புனிதர்களையும் மறைச்சாட்சிகளையும் மட்டும் வரிசைப்படுத்திவிட்டு, 1452-ஆம் ஆண்டின் மடலைப் பிள்ளைகள் பின்னாளில் பகைமையோடு பேசும் ஒருவரிடமிருந்து தெரிந்துகொள்ள விடுவது சரியல்ல. உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாகும் வயதிலேயே அவர்களுக்கு இதைச் சொல்லலாம். குருமடங்களில் மடல்களின் மூல வாசகத்தையே கையில் கொடுத்துப் படிக்கச் செய்யலாம். இன்று பணியில் இருக்கும் இளம் குருக்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்.