கூர் முட்டைல சேவல்தான் வருமா?
"கூரா இருக்குற முட்டைய அடை வச்சா சேவல், உருண்டையா இருந்தா பெட்டை"னு வாட்ஸப்புல ஒரு வீடியோ சுத்திட்டு இருக்கு, அது உண்மை இல்லைங்க. சேவலா பெட்டையாங்கிறது தாய்க்கோழி குடுக்குற குரோமோசோம்லயே முடிவாகிடுது, இசட் வந்தா சேவல் டபிள்யூ வந்தா பெட்டை, ஓடு அதுக்கப்புறம்தான் உருவாகுது, ஒரே கோழி பெரும்பாலும் ஒரே மாதிரி வடிவத்துலதான் முட்டை போடும் ஆனா அதுலயே ரெண்டும் பொரியுது பாருங்க. இன்குபேட்டர் சூட்ட மாத்துனா பெட்டையா வரும்ங்கிறதும் தப்பு, அது ஆமை, முதலை மாதிரி சிலதுக்குத்தான். கோழி முட்டைக்கு ஃபேன் வச்ச இன்குபேட்டர்ல 37.5 டிகிரி, 21 நாள், ரொம்ப மாத்துனா கருதான் சாகும். 7ஆம் நாள் லைட் அடிச்சு பாத்தா கூமுட்டை எதுனு தெரியும், அவ்ளோதான். உருண்டை முட்டைனு பொறுக்கி வச்சு கூடுதல் காசு கேட்டா தயவுசெஞ்சு குடுக்காதீங்க.