‘இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்று எழுதும் முன்

ஆய்வேடுகளின் முன்னுரையில் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும் வாக்கியம் ஒன்று உண்டு: “இப்பொருள் குறித்து இதுவரை போதிய ஆய்வுகள் நிகழவில்லை.” படித்தவுடன் எனக்குக் கேட்கத் தோன்றுவது இதுதான்: எங்கே தேடினீர்கள்? என்ன சொல் போட்டுத் தேடினீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்த வாக்கியத்துக்கு மதிப்பே இல்லை என்பது என் கருத்து. கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன். காரணம் இருக்கிறது.

பெரும்பாலும் நடப்பது என்ன? தன் துறையில் புழங்கும் சொல்லை, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் தட்டுகிறோம், முதல் இரண்டு பக்கம் பார்க்கிறோம், ஒன்றும் சிக்கவில்லை என்றால் ‘ஆய்வு இடைவெளி’ கிடைத்துவிட்டது என்று மகிழ்கிறோம். 2004ல் வந்த அந்தக் கருவியை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அது இல்லாமல் ஓடாது. ஆனால் எந்தெந்த இதழ்கள் தன்னிடம் உள்ளன என்ற பட்டியலை அது தருவதில்லை. லட்சக்கணக்கான முடிவுகள் என்று மேலே காட்டினாலும் ஆயிரத்துக்கு மேல் புரட்ட விடாது. அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவை மேலே மிதக்கும். பக்கத்துத் துறைக்காரர் எப்போதோ எழுதி நாலு பேர் மட்டும் படித்த கட்டுரை எங்கோ அடியில் கிடக்கும். நமக்கு வேண்டியது பல நேரம் அதுதான்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் தகவல் அறிவியல் பேராசிரியராக இருந்த டான் ஸ்வான்சன் 1986ல் செய்த காரியத்தை, ஆய்வுக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரமே சொல்லித்தர வேண்டும். அவர் மருத்துவர் அல்ல, ஆய்வகத்துக்குள் போகவும் இல்லை. ஒரு பக்கம் மீன் எண்ணெய் பற்றிய கட்டுரைகள்: அது ரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கிறது என்றன. இன்னொரு பக்கம் ரேனாட் நோய் பற்றிய கட்டுரைகள்: குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் அந்த நோயாளிகளுக்கு ரத்தப் பிசுபிசுப்பு கூடுதலாக இருக்கிறது என்றன. இரண்டு குவியல்களும் அச்சில் இருந்தன, நூலகத்தில் இருந்தன. ஆனால் இவர்களை அவர்களோ அவர்களை இவர்களோ மேற்கோள் காட்டியதில்லை. ஸ்வான்சன் இரண்டையும் பக்கத்தில் வைத்து, மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவலாமே என்று எழுதினார். 1989ல் வெளியான ஒரு மருத்துவச் சோதனையில், வேறு நோயின் விளைவாக இல்லாமல் தனியாக வரும் ரேனாட் வகையில் அது பலன் தருவது தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் ஒற்றைத் தலைவலிக்கும் மெக்னீசியத்துக்கும் இடையே பதினொரு தொடர்புகளை இதே முறையில் எடுத்து வைத்துவிட்டார். எல்லாம் ஏற்கெனவே அச்சான கட்டுரைகளிலிருந்து!

இது நடக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. சிடி ஸ்கேனுக்கு அடிப்படையான கணக்கை ஆலன் கோர்மாக் 1963லும் 1964லும் ஒரு இயற்பியல் இதழில் வெளியிட்டார். ஏறக்குறைய யாரும் கண்டுகொள்ளவில்லை. கட்டுரையின் பிரதி கேட்டு வந்தவற்றில் சுவையான கடிதம் சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்திலிருந்து வந்ததாம். மலையில் படிந்த பனியை அளக்க உதவுமா என்று அவர்களுக்கு யோசனை. கோர்மாக் தன் நோபல் உரையில் சொன்ன செய்தி இது. அதே உரையில் இன்னொன்றும் வருகிறது. அவர் மெனக்கெட்டுப் போட்ட அந்தக் கணக்கை யோஹான் ராடான் என்ற ஆஸ்திரியக் கணித அறிஞர் 1917லேயே ஜெர்மன் மொழியில் போட்டு முடித்திருந்தார். அது கோர்மாக்குக்குத் தெரியவந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். கணித அலமாரியில் ஒன்று, இயற்பியல் அலமாரியில் ஒன்று, இரண்டுமே தேவைப்பட்ட மருத்துவர்கள் மூன்றாவது கட்டடத்தில்.

(சிரிப்பு வரவழைப்பதும் ஒன்று உண்டு. 1994ல் நீரிழிவு மருத்துவ இதழ் ஒன்றில், குளுக்கோஸ் வரைகோட்டின் அடியில் உள்ள பரப்பைக் கணக்கிடப் புதிய முறை என்று ஒரு கட்டுரை வந்தது. பள்ளிக் கணிதத்தில் வரும் சரிவக விதிதான் அது. பாபிலோனிய வானியலாளர்கள் வியாழன் கோளின் நகர்வைக் கணக்கிட இதே வழியைக் களிமண் பலகைகளில் பயன்படுத்தியிருப்பதாக 2016ல் ஒரு ஆய்வு காட்டியது. ஆக, ‘புதிய முறை’க்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல்.)

சரி, எல்லாம் இணையத்தில் இருக்கும் இந்தக் காலத்திலும் ஏன் சிக்குவதில்லை? ஒரே சங்கதிக்கு ஊர் ஊராகப் பெயர் மாறுகிறது, அதுதான் பெரிய காரணம். ‘இருப்பவனிடமே மேலும் மேலும் சேரும்’ என்ற எண்ணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு உயிரினப் பேரினத்தில் எத்தனை இனங்கள் என்ற கேள்விக்காக யூல் 1925ல் இதன் கணக்கை எழுதினார். சொற்களின் எண்ணிக்கை, நகரங்களின் அளவு, வருமானம் ஆகியவற்றுக்காக ஹெர்பர்ட் சைமன் 1955ல் எழுதினார். சமூகவியலில் மெர்ட்டன் 1968ல் அதற்கு ‘மேத்யூ எஃபெக்ட்’ என்று பெயர் வைத்தார். ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள்களுக்காக டெரக் பிரைஸ் 1976ல் ‘கியூமுலேட்டிவ் அட்வான்டேஜ்’ என்றார். இணையத்தின் இணைப்புகளுக்காக பராபாசியும் ஆல்பர்ட்டும் 1999ல் ‘பிரிஃபரென்ஷியல் அட்டாச்மென்ட்’ என்றார்கள். கடைசிப் பெயரை மட்டும் தட்டித் தேடுகிறவருக்கு அந்த எண்ணம் 1999ல் பிறந்தது போலவே தோன்றும்.

இன்னொரு உதாரணம்: குவிந்து கிடக்கும் தரவைச் சில முக்கியக் கூறுகளாகச் சுருக்கும் கணக்கு. புள்ளியியலில் ‘பிரின்சிபல் காம்பொனன்ட்’ என்பதை வானிலை ஆய்வாளர்கள் ‘எம்பிரிகல் ஆர்த்தோகனல் ஃபங்ஷன்’ என்பார்கள். பாய்ம இயக்கவியலில் அதற்கு மூன்றாவதாக ஒரு பெயர்.

இதில் மருத்துவக் கட்டுரைகளின் தேடல் தளமான பப்மெட் ஓரளவு கைகொடுக்கும். அங்கே மனிதர்கள் கட்டி வளர்த்த கலைச்சொல் பட்டியல் ஒன்று பின்னால் இருக்கிறது. நீங்கள் ‘ஹார்ட் அட்டாக்’ என்று தட்டினாலும் அது ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்று எடுத்துக்கொண்டு தேடும். இதழில் வரும் முன்பே கட்டுரைகளை ஏற்றிவைக்க 1991ல் இயற்பியலாளர்களுக்காகத் தொடங்கிய ஆர்கைவ் தளத்தில் அப்படி ஒன்று கிடையாது. கட்டுரையாளர் எழுதிய சொல்தான் சொல். ஒரு தளத்தில் பழகிய தேடும் பழக்கத்தை அப்படியே இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

அந்நியத் துறையின் பெயர்களைப் பிடிக்க நான் நம்புவது மேற்கோள் வழியைத்தான். எப்படியாவது அந்தத் துறையின் ஒரே ஒரு நல்ல கட்டுரையைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். அது யாரை மேற்கோள் காட்டுகிறது என்று பின்னால் போகலாம், அதை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று முன்னால் வரலாம். சொல் எத்தனை முறை மாறினாலும் மேற்கோள் இழை அறுவதில்லை. யூஜின் கார்ஃபீல்ட் 1955ல் இந்த யோசனையை எழுதி, 1964ல் மேற்கோள் அட்டவணையாகவே அச்சிட்டு வெளியிட்டார். இன்று ‘சைட்டட் பை’ என்று ஒரு சொடுக்கில் கிடைப்பதற்கு மூலம் அதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: ஸ்வான்சனின் இரண்டு குவியல்களுக்கு நடுவே மேற்கோளே இல்லை என்று சொன்னேன் அல்லவா? அங்கே இந்த வழியும் முட்டுச்சந்துதான். அப்போது அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் அந்தத் துறையின் மீளாய்வுக் கட்டுரையோ பாடநூலின் பின்பக்கச் சொல்லடைவோதான் வழிகாட்டும். நல்ல நூலகர் கிடைத்தால் இன்னும் விசேஷம்.

அப்புறம், ஒவ்வொரு துறையும் தன் சரக்கை வேறு வேறு இடத்தில் வைக்கிறது. கணினித் துறையில் முக்கியமானவை பலவும் மாநாட்டுக் கட்டுரைகள். பொருளாதாரத்தில் இதழில் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் முன்வரைவு ‘வொர்க்கிங் பேப்பர்’ என்ற பெயரில் சுற்றிவரும். வரலாற்றிலும் இலக்கியத்திலும் சரக்கு புத்தகத்துக்குள் இருக்கும், புத்தகத்தின் ஐந்தாம் இயலுக்குள் புதைந்திருக்கும். கட்டுரைத் தேடலில் அது தட்டுப்படாது. கட்டுரை மட்டும் தேடிவிட்டு வரலாற்றாளர்கள் இதைத் தொடவில்லை என்று எழுதுவது அநியாயம்.

இதைவிடத் தலைகீழான உலகம் ஆவணக் காப்பகம். நூலகம் பொருள்வாரியாக அடுக்கும். காப்பகமோ ‘இந்தத் தாளை உண்டாக்கியது யார்’ என்று பார்த்து அடுக்கும்; பிரான்சில் 1841லேயே இது விதியாக வந்துவிட்டது. அதனால் அங்கே ‘பருவநிலை’ என்று கேட்டால் ஒன்றும் வராது. பருவநிலையைத் தன் வேலைக்காக எழுதிவைத்தவர் யார் என்று கேட்க வேண்டும். கப்பல் தலைவர்! பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் பதிவேடுகளில் காற்று, வெப்பம், காற்றழுத்தம் எல்லாம் நாள்தோறும் குறித்திருக்கிறது. 2010ல் தொடங்கிய ‘ஓல்ட் வெதர்’ திட்டத்தில் தன்னார்வலர்கள் அவற்றைப் படியெடுத்துக் கொடுக்க, வானிலை ஆய்வாளர்களுக்கு அது தரவாயிற்று.

எனக்கு மிகவும் பிடித்த கதை வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் நடந்தது. அங்கே கடலோரக் காடுகள் திடீரென்று தாழ்ந்து, உப்புநீரில் மூழ்கிச் செத்திருந்தன. பெரிய நிலநடுக்கம் என்று நிலவியலாளர்களுக்குப் புரிந்தது. ஆனால் எப்போது? கரிமக் காலக்கணிப்பு சில பத்தாண்டுகள் என்ற அளவுக்குத்தான் நெருங்கியது. பசிபிக்கின் மறுகரையில், ஜப்பானின் பழைய ஆவணங்களில், 1700 ஜனவரியில் நில அதிர்வே உணராமல் கடல் மட்டும் உள்ளே வந்து வீடுகளைச் சேதப்படுத்தியதாகக் குறிப்புகள் இருந்தன. சேதக் கணக்காக எழுதிவைத்தவை அவை. அமெரிக்க நிலவியலுக்காக யாரும் எழுதவில்லை. 1996ல் ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் சடாகேயின் குழுவினர், அந்த அலை இந்த நிலநடுக்கத்தில் கிளம்பியதுதான் என்று இரண்டையும் இணைத்து, நிலநடுக்கம் 1700 ஜனவரி 26 இரவு என்று நேரம் வரை குறித்தார்கள். மறு ஆண்டே மர வளையங்கள் அதை ஒத்துக்கொண்டன: மரங்கள் 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் இடையில் செத்திருந்தன.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். இல்லாத கட்டுரைக்கு இருக்கும் ஆசிரியரின் பெயரைப் போட்டுக் கொடுக்கும் வித்தை அதற்குத் தெரியும் என்பதால், அது தரும் ஒவ்வொரு மேற்கோளையும், கட்டுரைக்குக் கட்டுரை தனியாகத் தரப்படும் அடையாள எண்ணான டிஓஐயைத் திறந்து சரிபார்க்காமல் தொடமாட்டேன். ஆனால் “இதை வேதியியலில் என்ன சொல்வார்கள், சட்டத்துறையில் என்ன சொல்வார்கள்” என்று பெயர் கேட்க அது நல்ல துணை. பெயரை வாங்கிக்கொண்டு தேடலை நாம்தான் செய்ய வேண்டும்.

மருத்துவத்தில் முறையான மீளாய்வு எழுதுகிறவர்களுக்கு பிரிஸ்மா என்ற நெறிமுறை இருக்கிறது. எந்தத் தரவுத்தளத்தில் என்ன தேடல் வரி போட்டீர்கள் என்பதை முழுசாகக் கொடு என்கிறது. 2009 வடிவத்தில் குறைந்தது ஒரு தளத்துக்குக் கேட்டார்கள்; 2020 வடிவத்தில் எல்லாத் தளங்களுக்கும். மற்ற துறைகள் மட்டும் ஏன் இதிலிருந்து தப்பிக்க வேண்டும்? பின்னிணைப்பாக ஒரு பக்கம் போதும்: தேடிய தளங்கள், போட்ட சொற்கள், பக்கத்துத் துறைகளின் பெயர்களில் எவை எவை, தேடிய தேதி. நெறியாளர்கள் கேட்க ஆரம்பித்தால் ஒரே ஆண்டில் பழக்கமாகிவிடும். தேதியை விடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் அகடமிக் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளம் 2021 இறுதியோடு நின்றுபோனது. அதன் தரவை அடியுரமாகக் கொண்டு ஓப்பன்அலெக்ஸ் 2022ல் வந்தது. போன வருடம் இருந்த தளம் இந்த வருடம் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.