அந்த அக்காவுக்குத் தெரியாத பதில்

மகள் எட்டாம் வகுப்பு. அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறோம். போன மாதம் பள்ளியிலிருந்து ஒரு சம்மதப் படிவம்: பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் வந்து, உடலுறவுக்குக் கல்யாணம் வரை காத்திருப்பது பற்றி ஐந்து நாள் வகுப்பெடுப்பார்களாம். எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் "நம்ம ஊர் மாதிரியே" என்று கைதட்டினார்கள், மீதிப் பேருக்கு இந்த வயசில் இதெல்லாம் எதற்கு என்ற பயம். நான் கையெழுத்துப் போட்டேன்.

காரணம் இருக்கிறது. இப்படிப் பெரிய பிள்ளைகளை வைத்துச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பை 1980களில் அட்லாண்டா கிரேடி மருத்துவமனையில் உருவாக்கியவர் மரியன் ஹோவர்ட். அங்கே வந்த 16 வயதுக்குட்பட்ட பெண்களிடம் என்ன தெரிந்துகொள்ள ஆசை என்று கேட்டபோது, நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் சொன்னது ஒன்றுதான்: எதிரில் இருப்பவன் மனசு நோகாமல் "வேண்டாம்" என்று சொல்வது எப்படி? எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நாற்பது தாண்டியும் சொந்தக்காரர் கடன் கேட்டால் எனக்கே வாய் வராது, பதினாலு வயசுப் பிள்ளை என்ன செய்யும்?

அதை நாம் சொன்னால் அறிவுரை, ஒரு அக்கா நடித்துக் காட்டினால் பயிற்சி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அட்லாண்டாவில் அதோடு சேர்த்து மருத்துவமனை ஆட்களே வந்து உடல், கருத்தடை பற்றித் தனியாக வகுப்பெடுத்தார்கள். 1992-இல் கலிஃபோர்னியா மாநிலம் முழுக்க இதைக் கொண்டுபோனபோது "வேண்டாம்" பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளை 17 மாதம் கழித்து விசாரித்தார்கள். காத்திருப்பதில் வகுப்புக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை, அண்ணன் அக்கா எடுத்தாலும் சரி, பெரியவர்கள் எடுத்தாலும் சரி. மறுபாதியை விட்டது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன், பலன் கிடைத்தது என்று சொன்ன அட்லாண்டா ஆய்விலும் ஓட்டைகள் உண்டு என்பார்கள். ஆனாலும் சாம்பாரில் பருப்பை விட்டுவிட்டு ருசியில்லை என்றால் எப்படி?

சரி, வகுப்பு முடிந்தது. தோசை சாப்பிட்டுக்கொண்டே மகள் நடித்துக் காட்டினாள். "என்மேல உனக்கு அன்பே இல்லையா?" என்று நான் பையனாகக் கேட்க, "இருக்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றாள் பட்டென்று. அசந்துபோனேன். அப்புறம் மெதுவாக, "ம்மா, ஒரு பொண்ணு மாத்திரை பத்திக் கேட்டா. அந்த அக்கா, அது எங்க பேப்பர்ல இல்லன்னு சிரிச்சிட்டா. எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள்.

கேட்ட பெண் அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லையாம்.

அந்தக் கேள்விக்கு நர்ஸை எப்போது அனுப்புவீர்கள் என்று பள்ளிக்கு மெயில் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.