சிவப்பு விளக்குத் தொப்பி வாங்குறதுக்கு முன்னாடி வகிட்டைப் பாருங்க

"அக்கா, அந்த ரெட் லைட் தொப்பி வாங்கலாமா? உங்க தங்கச்சிக்கு முடி வந்துருச்சாமே?"

உள்பக்கம் சிவப்பு விளக்கு வச்சு, தலையில மாட்டிக்கிட்டா முடி வளரும்னு விக்கிறாங்களே, அந்தத் தொப்பியைத்தான் கேட்கிறாங்க. இந்த மாசத்துல இந்தக் கேள்வி இது நாலாவது தடவை. தனித்தனியா பதில் போடுறதை விட இங்கேயே எழுதிடுறேன். நீளமாத்தான் இருக்கும். முப்பதாயிரம், நாப்பதாயிரம்னு கொடுக்கப் போறவங்க தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

முதல்ல தங்கச்சி விஷயம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஐப்பசி மழையில அவளுக்கு டெங்கு. ஆறு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. உடம்பு தேறி வேலைக்கும் போக ஆரம்பிச்சுட்டா. தை பொறந்ததும் தொடங்குச்சு. தலைக்குக் குளிச்சா கொத்துக் கொத்தா கையோட வரும். பாத்ரூம் ஜல்லடை அடைச்சுக்கும். தலையணையில முடி, துப்பட்டாவுல முடி. இடுப்பு வரைக்கும் இருந்த சடை எலிவாலாட்டம் ஆயிடுச்சு. அம்மா தினமும் அழுகை. அந்தப் பயத்துல அவ ஆன்லைன்ல 38,000 ரூபாய்க்குத் தவணையில ஒரு சிவப்பு ஒளித் தொப்பி வாங்கினா. வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். ஆடி மாசம் வரும்போது நெத்தி ஓரமெல்லாம் குட்டி குட்டியா புது முடி. "தொப்பி என்னைக் காப்பாத்திருச்சு"ன்னு குடும்ப குரூப்ல போட்டோ போட்டா. உங்க கைக்கு வந்து சேர்ந்தது அந்தப் போட்டோதான்.

அவ சந்தோஷத்துல எனக்கும் பங்கு உண்டு. ஆனா அந்த முடி தொப்பி போடாம இருந்திருந்தாலும் வந்திருக்கும்.

நம்ம தலையில ஒவ்வொரு முடியும் ரெண்டுல இருந்து ஆறு வருஷம் வரைக்கும் வளரும். அப்புறம் சுமார் மூணு மாசம் சும்மா இருந்துட்டு உதிரும். டெங்கு, டைபாய்டு, கொரோனா, பிரசவம், பெரிய ஆபரேஷன்னு உடம்பு ஒரு அதிர்ச்சியைத் தாங்கும்போது ஏகப்பட்ட வேர்கள் ஒரே நேரத்துல ஓய்வுக்குப் போயிடும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு அத்தனையும் சேர்ந்து கொட்டும். கொழந்தை முகம் பார்க்க ஆரம்பிச்சா தாய்க்கு முடி கொட்டும்னு பாட்டிமார் சொல்வாங்க இல்லையா? கொழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறதும் பிரசவம் முடிஞ்சு ரெண்டு மூணு மாசத்துலதான். கணக்கு எவ்வளவு சரியா இருக்கு பாருங்க. இந்த வகையில வேர் சாகுறதில்ல. வேற கோளாறு இல்லைன்னா ஆறு மாசம் போல ஆகும்போது கொட்டுறது அடங்கித் தானா முளைக்கும். தங்கச்சி தொப்பி போட ஆரம்பிச்ச நேரமும் அவ முடி தானா திரும்ப ஆரம்பிச்ச நேரமும் ஒண்ணாப் போச்சு. ஆன்லைன்ல நீங்க படிக்கிற அஞ்சு நட்சத்திர விமர்சனங்கள்ல இப்படிப்பட்டவங்களும் இருப்பாங்க. யாரும் பொய் சொல்லல. நம்பித்தான் எழுதுறாங்க.

என் தலை வேற கதை. எனக்குக் கொத்தா எதுவும் கொட்டல. 36 வயசுல இருந்து வகிடு மெதுவா அகலமாச்சு. பூ வச்சா ஹேர்பின் நிக்காது. கல்யாண வீட்டு போட்டோவுல உச்சந்தலை மட்டும் வெளிச்சமாத் தெரியும். எங்க அத்தைக்கும் இப்படித்தான். இது பரம்பரையா வர்றது. இதுல வேர் வருஷத்துக்கு வருஷம் சுருங்கி, தடிச்ச முடி இருந்த இடத்துல பூனைமுடி மாதிரி வரும். ஆம்பளைங்களுக்கு நெத்தி ஏறுறதும் உச்சியில சொட்டை விழுறதும் இதே ஜாதிதான். அவங்க விஷயத்துல டிஹெச்டிங்கிற ஹார்மோன்தான் வேரைச் சுருக்குது.

வீட்டுச் சிவப்பு ஒளிக் கருவிகளைச் சோதிச்சதும் பெரும்பாலும் இந்த ஒரு வகைக்குத்தான்.

இந்த யோசனை எங்க இருந்து வந்துச்சுன்னு தேடிப் படிச்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. 1967ல ஹங்கேரியில, புடாபெஸ்ட் நகரத்துல, எண்ட்ரே மெஸ்டர்னு ஒரு டாக்டர். லேசர் கண்டுபிடிச்சு ஏழு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. லேசர் பட்டா புற்றுநோய் வருமான்னு பார்க்க எலிகளோட முதுகைச் சிரைச்சுட்டுச் சிவப்பு லேசர் காட்டினார். புற்றுநோய் வரல. ஒளி பட்ட எலிகளுக்குச் சிரைச்ச இடத்துல முடி சீக்கிரமா வளர்ந்துச்சு. அங்க தொடங்கி, 2007ல அமெரிக்காவுல மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கிற எஃப்டிஏ, தலையில சிவப்பு லேசர் காட்டுற முதல் சீப்பை ஆம்பளைங்களுக்கு அனுமதிச்சுது. பொம்பளைங்களுக்கு 2011ல. இந்தத் தொப்பியும் அதே யோசனைதான்.

ஒளி என்ன பண்ணுதுன்னா, செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியா சிவப்பு ஒளியை உறிஞ்சி கூடுதல் சக்தி உண்டாக்குது, தூங்குற வேர் அதனால வளர்ற நிலைக்குத் திரும்புதுங்கிறதுதான் அதிகமா சொல்ற விளக்கம். டிஹெச்டியை இது தொடுறதில்ல. சுருக்குற காரணம் அப்படியே இருக்கு. அதனால போடுறதை நிறுத்தினா பலனும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிடும். பளபளன்னு வழுவழுப்பாயிட்ட மண்டையில எழுப்புறதுக்கு வேரே இருக்காது.

ஆய்வு இருக்கான்னு கேட்டா, இருக்கு. 2014ல வெளிவந்த ஒண்ணுல 128 ஆம்பளைங்க, 141 பொம்பளைங்க. பாதிக்கும் மேற்பட்டவங்களுக்கு நிஜ லேசர் சீப்பு, மத்தவங்களுக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற போலிச் சீப்பு. வாரம் மூணு தடவை, 26 வாரம். நிஜச் சீப்பைப் பயன்படுத்தின பொம்பளைங்களுக்கு ஒரு சதுர சென்டிமீட்டர்ல சுமார் 20 முடி கூடுச்சு. போலிச் சீப்புக்குச் சுமார் 3. சதுர சென்டிமீட்டர்னா கட்டைவிரல் நகத்தளவு. அதுல 20 முடிங்கிறது எனக்கு அற்பமாத் தெரியல. ஆனா விளம்பரத்துல வர்ற "முன்பு, பின்பு" படத்தளவுக்கும் இல்ல. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது சீப்பைத் தயாரிச்ச கம்பெனிங்கிறதையும் சேர்த்துத்தான் எடை போடணும்.

"எஃப்டிஏ அப்ரூவ்டு"ன்னு விளம்பரத்துல போடுறாங்களே, அது சரியான வார்த்தை இல்ல. முடி வளர தலையில தடவுற மினாக்ஸிடில் மருந்துக்கு 1988ல கிடைச்சது அப்ரூவல். இந்தக் கருவிகளுக்குக் கிடைக்கிறது கிளியரன்ஸ். ஏற்கெனவே சந்தையில இருக்கிற ஒரு கருவிக்கு இது பாதுகாப்புலயும் வேலையிலயும் சமானம்னு காட்டினாப் போதும். மருந்துக்குக் கேட்கிற அளவு சாட்சி கேட்க மாட்டாங்க. நாலாயிரம் ரூபாய்க்கு வர்ற எல்இடி தொப்பிகள் பலதுக்கு அந்தக் கிளியரன்ஸும் கிடையாது.

என்னை ரொம்ப யோசிக்க வச்சது நம்ம நிறம். தோலை ஆறு வகையாப் பிரிக்கிற ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் ஒண்ணு இருக்கு. 1975ல அதை உண்டாக்கினப்ப வெள்ளைத் தோலுக்கு நாலு வகைதான். பழுப்புக்கும் கறுப்புக்கும் அஞ்சாவது, ஆறாவது வகையைப் பின்னாடிதான் சேர்த்தாங்க. 2007ல அந்தச் சீப்புக்கு அனுமதி கொடுத்தது ஒண்ணுல இருந்து நாலு வகை வரைக்கும். நம்மள்ல நிறைய பேரு அஞ்சாவது வகை. தோல் கறுக்கக் கறுக்க, வேர் வரைக்கும் போக வேண்டிய ஒளியில ஒரு பங்கை, தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனின் மேலயே உறிஞ்சிக்கும். நமக்குப் பலிக்காதுன்னு நான் சொல்ல வரல. அந்த 20 முடிக் கணக்கு நம்ம மாதிரித் தலைகளை எண்ணி வந்ததுன்னு யாரும் நம்பிடக் கூடாது. இதை எந்த விற்பனையாளராவது உங்ககிட்ட சொன்னாங்களா? என்கிட்ட யாரும் சொல்லல.

நான் முதல்ல போனது ஒரு அழகு கிளினிக். டாக்டரைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே ஒரு பொண்ணு என்னை உட்கார வச்சு, தலையைத் தொட்டுக்கூடப் பார்க்காம, தொப்பி, சீரம், பத்து சிட்டிங்னு 65,000 ரூபாய்க்குப் பேக்கேஜ் எழுதிக் கொடுத்துச்சு. ரத்தப் பரிசோதனையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எனக்கு வந்த கோவம் இன்னும் ஆறல. முடி போற பயத்துல இருக்கிற பொம்பளைகிட்ட இப்படி நடந்துக்கிறது அநியாயம்.

அப்புறம் தோல் டாக்டரம்மாகிட்ட போனேன். ஒரு சின்ன லென்ஸை வகிட்டுல வச்சு, "மெல்லிசும் மொத்தமும் கலந்து இருக்கு பாருங்கம்மா"ன்னு திரையில காட்டினாங்க. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல சேமிப்பா இருக்கிற இரும்பைக் காட்டுறது), தைராய்டுன்னு மூணு ரத்தப் பரிசோதனை எழுதினாங்க. எனக்கு மினாக்ஸிடில் கொடுத்தாங்க. "தொப்பி வீட்லயே இருக்குன்னா போட்டுக்கங்க, தப்பில்ல. மருந்தை விட்டுட்டு அதை மட்டும் நம்பாதீங்க. இதுக்குன்னு புதுசா வாங்காதீங்க"ன்னாங்க. தங்கச்சி தொப்பியைக் கொடுத்துட்டா. எட்டு மாசமாச்சு. ஒரே ஜன்னல் வெளிச்சத்துல மாசாமாசம் வகிட்டைப் போட்டோ எடுக்கிறேன். கொஞ்சம் குறுகியிருக்கு. மருந்தாலயா, தொப்பியாலயா, ரெண்டும் சேர்ந்தான்னு பிரிச்சுச் சொல்ல வழியில்ல. அதனால "எனக்கு வேலை செஞ்சுது"ன்னு தொப்பிக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

வெயில் பட்டா தோல் தடிக்கிற லூபஸ் மாதிரி நோய் இருக்கிறவங்க, ஒளி ஒத்துக்காத மாத்திரை சாப்பிடுறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம போடாதீங்க. லேசரைக் கண்ணுக்கு நேரா பார்க்காதீங்க. வட்டமா காசு மாதிரி முடி போயிருந்தா அது பெரும்பாலும் புழுவெட்டா இருக்கும், அதுக்கு வைத்தியமே வேற.

தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 53 சதவீதத்துக்கு மேல ரத்தசோகைன்னு 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுது. ரெண்டு பேர்ல ஒருத்திக்கு மேல! நம்ம வீட்ல கடைசியா சாப்பிட உட்கார்றது யாரு, கீரையும் ஈரலும் யாரு தட்டுக்குப் போகுதுன்னு உங்களுக்கே தெரியும். உடம்புல இரும்பு இல்லாம முடி கொட்டுறவளுக்கு உச்சந்தலையில விளக்கு போட்டு என்ன ஆகப் போகுது?

நாலாவதா கேட்டது எதிர்வீட்டுப் பொண்ணு. 22 வயசு, காலேஜ் முடிச்சு முதல் வேலை. "ரெண்டு மாசத்துக்கு உங்க தொப்பியைக் கொடுங்கக்கா"ன்னு வந்தா. மாதவிடாய் எத்தனை நாள்னு கேட்டேன். எட்டு ஒன்பது நாள், ரொம்ப அதிகம்னா. எத்தனை வருஷமான்னு கேட்டா, பத்தாங்கிளாஸ்ல இருந்தாம். சனிக்கிழமை காலையில அவ அம்மாவையும் கூட்டிக்கிட்டு மூணு பேரும் லேப்புக்குப் போனோம். ஹீமோகுளோபின் 8.4. இந்த வாரம் பெண்கள் நல டாக்டரைப் பார்க்கப் போறாங்க, இரும்பு மாத்திரை ஆரம்பிச்சாச்சு. தொப்பியை அவ திரும்பக் கேட்கல.